இரண்டாவது அடி

நான் சொன்னபடி பார்த்தால் முதல் அடி சட்டப்படி சரிதான், இரண்டாவதுதான் சிக்கல் என்று தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எதிரே போலீஸ் அதிகாரி பேனாவோடு காத்திருந்தார்.

"அவன் கைய விட்டதுக்கப்புறமும் ஏம்மா அடிச்சீங்கன்னு கேக்கறாரு."

"விட்டுட்டு மறுபடியும் வந்தாரு."

"அவனுக்கு என்னம்மா மரியாதை. சரி, யாராவது பாத்தாங்களா?"

"அக்கா பாத்தாங்க. அவங்களக் கேளுங்க."

பயமில்லாமல் சொன்னேன்.

அக்கா கூடப் பிறந்தவர் இல்லை. நான் வேதியியல் முடித்துவிட்டு இந்த வெளிநாட்டுத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குடுவை கழுவ வந்த முதல் நாள், "என்னை அக்கான்னு கூப்பிடு, போதும்" என்றார். ஒரே அறை. மதியச் சாப்பாட்டுக்கு இருவருக்கும் சேர்த்து அவருடைய மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியர்.

மூன்று நாளைக்கு முன், மாலை ஐந்தரை மணிக்கு, வேலை முடிந்து வந்தோம். மாடிப்படியில் வீட்டு ஓனரின் தம்பி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். நான் இரண்டு படி கீழே இருந்தேன். கேரியரால் அவன் முழங்கையில் அடித்தேன். விட்டான். ஒரு படி ஏறியவன் திரும்பி மறுபடியும் கையை நீட்டினான். இந்த முறை நெற்றியில் அடித்தேன். நான்கு தையல்.

போலீஸ் வருவதற்குள் அக்கா படியில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார். "வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்டி உன்ன. கேரியர் நசுங்கிப் போச்சு பாரு." போலீஸ் கேரியரை எடுத்துக்கொண்டது, கழுவாமலே. மறுநாள் அக்காவின் மணிக்கட்டில் அவனுடைய ஐந்து விரல் தடமும் நீலமாகத் தெரிந்தன. எண்ணெய் தடவிவிட்டேன்.

அதிகாரி ஒரு தாளைப் புரட்டி வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"உங்க அக்காவ காலையிலேயே விசாரிச்சுட்டாங்களாம். அவன் கைய பிடிக்கவே இல்லையாம். வழி விடச் சொன்னானாம், அவ்வளவுதான். போதும் விடுன்னு அவங்க சொல்லியும் நீங்க கேக்கலியாம்."

"அப்போ?"

"அப்போ முதல் அடியும் குத்தம்தான். தண்டனைன்னு வந்தா வேலை விசாவப் புதுப்பிக்க மாட்டாங்க. அதையும் சொல்லச் சொன்னாரு."

மொழிபெயர்ப்பாளரின் அழைப்பு முடிந்து வெளியே வந்தபோது, நடைவழி பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதன் கை விரல்வரை இறங்கியிருந்தது. பரிசோதனைக் கூடத்தில் எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுத்தான் வேலை செய்வார்.

"ஏங்க்கா?"

"இங்கதான் குடியிருக்கேன்னு வீட்டு ஓனர் லெட்டர் குடுக்கலன்னா என் நிரந்தர விசா அப்படியே நின்னுடும்டி. ஏழு வருஷம். உனக்கென்ன, சின்னப் பொண்ணு, படிச்சிருக்க. ஊருக்குப் போனாலும் பொழச்சுக்குவ."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

அதிகாரி என் கையெழுத்துக்காக வாக்குமூலத் தாளோடு வந்தார். எனக்கு அவர் மொழியில் பத்துப் பதினைந்து சொற்கள்தான் தெரியும். எங்கே போனாலும் எனக்காக அக்காதான் பேசுவார்.

"அக்கா, ஸ்வெட்டர் கைய மடிச்சுக் காட்டுங்க."

அவர் அதை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார். நான் என்ன சொன்னேன் என்று அதிகாரி கேட்டார். அக்கா பதில் சொன்னார். அதில் ஒரு சொல் எனக்குப் புரிந்தது. மன்னிப்பு. முதல் வாரம் நான் குடுவையை உடைத்தபோது அவரே சொல்லிக்கொடுத்த சொல்.

அதிகாரியின் முகம் இளகியது. பேனாவை நீட்டினார்.

"போட்டுட்டு வாடி. சாப்பிட்டுட்டு நிதானமாப் பேசலாம்."

நான் பேனாவை வாங்கவில்லை. என் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்து அதிகாரியிடம் காட்டினேன். விரல்களை எடுத்ததும் தோல் வெளுத்துச் சிவந்தது. அதைக் காட்டினேன். பிறகு அக்காவின் ஸ்வெட்டரைக் காட்டினேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு கைகளையும் கைப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.