எழுபத்தொன்றுக்கு ஐம்பத்தொன்று

எங்கள் முதலாளி அழகுராஜாவுக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவருக்கு அது கொஞ்சமாவது இருந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். கம்பெனியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு நான்தான் கோச். பெயர் ஜெபராணி.

தீபாவளிப் பெட்டிக்கான லேபிளை ஆடியிலேயே அச்சடித்தாக வேண்டும். ஃபைனலோ புரட்டாசியில். அதனால் என்ன? எங்கள் வினோலியா கோப்பையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல நாற்பதாயிரம் லேபிள் அடித்துவிட்டார் மனிதர். அவளுக்குப் பின்னால் ஸ்கோர் போர்டு. அதில் 71–51.

"போர்டு வெறுமனே கெடந்தா வெளங்குமா டீச்சர்?" என்றார். "மொய் எழுதுற மாதிரி ஒண்ணுல முடியணும்ல. தோக்குறவுகளுக்கும் நல்லது நடக்கட்டும்னு அவுகளுக்கும் ஒண்ணு வச்சேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வினோலியா கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ். அந்த சீசனில் பதினோரு ஆட்டத்தையும் அவளால்தான் ஜெயித்தோம். கார்த்திகையில் குவைத் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள். "இதான் கடைசி ஆட்டம் டீச்சர். சீசனுக்கு முந்நூறு பாயிண்டு போட்டுட்டுத்தான் ஃப்ளைட் ஏறுவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஃபைனலில் நான்கு நிமிடம் மிச்சமிருக்கும்போதே 71–49. வினோலியாவின் சீசன் கணக்கு 298. முதலாளி என் காதருகே குனிந்தார்.

"லேபிள் பூரா ஒட்டியாச்சு டீச்சர். இனி நம்ம புள்ளைக யாரும் போட வேண்டாம். அவுகளுக்கு மட்டும் ரெண்டு பாயிண்டு குடுத்துருங்க."

கொடுப்பதற்கு அதென்ன கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையா? இருந்தாலும் சம்பளம் தருகிறவர். சொல்லித் தொலைத்தேன். எங்கள் பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். எதிரணி ஐந்து முறை எறிந்தது, ஐந்தும் வெளியே. ஒவ்வொரு தடவையும் வினோலியாவே பந்தைப் பொறுக்கி எதிரணி கேப்டன் கையில் கொடுத்து, "முழங்கைய உள்ள வைங்கக்கா" என்றாள். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவிட்டார்.

ஆறாவது விழுந்தது. 71–51. முதலாளி எழுந்து நின்று போர்டைக் கும்பிட்டார்.

இன்னும் பத்து விநாடி. வினோலியா பந்தோடு கூடைக்கு நேர் கீழே நின்றாள். எறியவில்லை. என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அப்படியே நில்லு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மனசு கேட்காமல், "போட்டுத் தொலைடி" என்று கத்திவிட்டேன்.

73–51.

முதலாளி கோப்பையை வாங்கக்கூட வரவில்லை. மறுநாள் ஆளுக்கொரு கறுப்பு மார்க்கரைக் கொடுத்து எங்கள் இரண்டு பேரையும் குடோனில் உட்கார வைத்தார். லோடு ஏறுவதற்குள் நாற்பதாயிரம் பெட்டியிலும் 71ஐ 73 ஆக்க வேண்டும். பதினாறு நாள் ஆயிற்று. விரல் மரத்துப்போய், அவளையும் அவள் முந்நூறையும் திட்டிக்கொண்டேதான் எழுதினேன். அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனாள்.

கடைசிப் பெட்டியை முடித்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ போட்டதுக்கே அம்புட்டு சந்தோசமா இருந்துச்சு டீச்சர்" என்றாள். "முதலாளி நாப்பதாயிரம் தடவ போட வச்சுட்டாக."