தொண்ணூறு நிமிடப் பின்பாட்டு

2024 ஜூன் 19, புதன்கிழமை, பிற்பகல் 2.40. வெப்பம் முப்பத்தொன்பது பாகை. மேலைக்காற்று ஓய்ந்திருந்தது; கடற்காற்று இன்னும் எழவில்லை. மரக்காணம் உப்பளத்துக் கிடங்கு ஒன்றினுள் ஒலிவாங்கியின் முன் தட்சணாமூர்த்தி நின்றார். அவர் பாடுவதற்காகத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஒரு மணி நேரம் நிறுத்தியிருந்தார்கள்.

கூத்தில் அவர் பின்பாட்டுக்காரர். ஆடுபவர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் அதே அடியைப் பின்னால் நின்று திருப்பிப் பாடுவார். மற்ற நாட்களில் உப்பு வாருவார். ஆகஸ்டு மாதம் டொரான்டோவில், அங்கு வாழும் தமிழர்கள் முன்னால் அவருடைய குழு துரியோதனன் கூத்தை ஆடவிருந்தது. குழுவில் ஒன்பது பேர். அழைப்பு எட்டுப் பேருக்கு. வேடம் கட்டுபவரையும் வாத்தியம் வாசிப்பவரையும் கண்ணால் காண வேண்டும், பின்பாட்டைக் காதால் கேட்டால் போதும் என்று முடிவாயிற்று. குரல் போகும், அவர் போகமாட்டார்.

"பாடுங்கண்ணா, ரெக்கார்டு ஓடுது," என்றாள் வைஜெயந்தி. புதுச்சேரியிலிருந்து வந்து நிகழ்ச்சியை ஒருங்கிணைப்பவள்.

"யாருக்குப் பின்னாடிம்மா பாடறது?"

"அவரு முன்னாடி நிக்கறாருன்னு நெனச்சிக்குங்க."

அவள் சொன்னது பலராமனை. முப்பத்தோர் ஆண்டுகளாக இந்தக் குழுவின் துரியோதனன். விசா வேலையாக அன்று சென்னைக்குப் போயிருந்தார்.

தட்சணாமூர்த்தி வெற்றுச் சுவரைப் பார்த்துப் பாடினார். ஒவ்வோர் அடியையும் மூன்று முறை. சிலவற்றை நான்கு முறை. அதுதான் மரபு என்று வைஜெயந்தி எண்ணியிருக்கலாம். மரபு ஒரு முறைதான். இரண்டு ஆண்டுகளாகப் பலராமனுக்கு மூன்றாம் பாட்டுக்கு மேல் மூச்சு போதவில்லை. அவருடைய வலக் குதிகால் தரையில் படிந்துவிட்டால், அது மறுபடி எழும்வரை தட்சணாமூர்த்தி அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். பார்ப்பவருக்கு அது பாட்டின் அழகு. மருத்துவச் சான்றிதழில் பலராமனுக்குக் குறை ஏதும் இல்லை. ஆட்டத்தின் நடுவே வாங்கும் மூச்சைச் சான்றிதழ் அளப்பதில்லை. இதைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை. வெளியே தெரிந்தால் கிரீடம் வேறொரு தலைக்குப் போய்விடும். பலராமனின் மகள் கிருபா ஆறு ஆண்டுகளாக டொரான்டோவில் இருக்கிறாள். முதல் வரிசையில் உட்காரப்போகிறாள்.

பதிவு முடிந்தபின் ஒத்திகைக்கு அவர் தேவைப்படவில்லை. பத்து நாட்கள் உப்பு வாரினார். வீட்டிலும் பேச ஆளில்லை.

ஜூன் 30, ஞாயிறு, மாலை நான்கு மணி. கடற்காற்று எழுந்ததும், திரௌபதி அம்மன் கோயில் திடலிலிருந்து அவருடைய குரலே பாத்திகளின்மேல் மிதந்து வந்தது. உப்பு வாரும் பலகையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடி ஒரு முறை திரும்பியது. இரண்டாம் முறை வரவில்லை. அடுத்த அடியும் அப்படியே. பலகையை வரப்பில் போட்டுவிட்டுத் திடலை நோக்கி நடந்தார்.

அவர் வழக்கமாக நிற்கும் இடத்தில் ஒலிபெருக்கி நின்றது. நான்காம் பாட்டு. ஆடிக்கொண்டிருந்த பலராமனின் குதிகால் தரையில் படிந்தது. ஒலிபெருக்கி தன் அடியைப் பாடி முடித்துவிட்டது. மிருதங்கம் முன்னே போயிற்று. பலராமன் வாய் திறந்தபடி நின்றார். பிறகு கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"ஏம்பா மூர்த்தி, வந்துட்டியா! நீயாச்சும் பரவால்ல. பொட்டிக்குள்ள இருக்கிறவன் பஸ்ஸுக்கு ஓடறான்பா!"

எல்லோரும் சிரித்தார்கள். "கனடாவுல எல்லாருமே ஓட்டந்தான் வாத்தியாரே, அங்க போனா நீங்களே ஓடுவீங்க," என்றான் துச்சாதனன் வேடம் கட்டும் சரவணகுமார்.

"டேய், நீ பொடவைய இழுக்கற வேலைய மட்டும் பாரு."

சிரிப்பு அடங்கியபின்னும் பலராமன் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் தண்ணீர் குடித்தார்.

வைஜெயந்தி சம்மதப் படிவத்தோடு வந்தாள். அவர் கையெழுத்திட்டால் அன்று மாலையே பதிவு டொரான்டோவுக்குப் போகும்.

"நான் பாடுனத கொறச்சிட்டீங்களாம்மா?"

"ஹால் தொண்ணூறு நிமிஷம்தாண்ணா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தரமாட்டாங்க. ஒரே வரி நாலு வாட்டி வந்தா, உக்காந்திருக்கிறவங்க போன எடுத்துருவாங்க."

"பாடுனபடியே வச்சா எவ்ளோ அதிகமாவும்?"

அவள் மடிக்கணினியைப் பார்த்தாள். "பதினோரு நிமிஷம்."

"மொதல்ல வர்ற சாமி பாட்டு?"

"பன்னண்டு."

"அத எடுத்துருங்க. சாமிய இவங்க திரைக்குள்ளயே கும்புட்டுக்குவாங்க."

அந்த முதற்பாட்டில் மட்டுமே பின்பாட்டுக்காரர் தனித்துப் பாடுவார். அதன் முடிவில்தான் அவருடைய பெயரும் ஊரும் வரும்.

"உங்க பேரு வர்றது அது ஒண்ணுலதாண்ணா," என்றாள் வைஜெயந்தி.

"தெரியும்மா."

"அப்புறம் ஏன்?"

"கூத்துன்னா அடி திரும்பணும்."

பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பலராமன் சலங்கையோடு எழுந்து வந்தார். "இன்னா மூர்த்தி, கோவமா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"நீ வரலன்னா உம் பேரும் வரக்கூடாதா? எட்டுப் பேருன்னு நானா சொன்னேன்? அவங்க சொன்னாங்க. முப்பது வருசம் கூட நின்னுட்டு இப்பப் போயி வீம்பு புடிக்கறியே."

"தெரியும்பா."

"கிருபா கேப்பா, மூர்த்தி மாமா பாட்ட காணமேன்னு. இன்னா சொல்றது?"

"பின்னாடி கேக்குதுன்னு சொல்லு."

பலராமன் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருந்தார். தட்சணாமூர்த்தியிடம் அந்த மூச்சைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் பலராமன் ஆடப் போகமாட்டார்.

"சரி, வீம்புன்னே வச்சிக்கோ."

"வச்சிக்கறேன்," என்றார் பலராமன். திரும்பிப் பாராமல் திடலின் மறுகோடிக்குப் போனார். சலங்கை ஒலி அவ்வளவு தொலைவும் கேட்டது.

ஆர்மோனியப் பெட்டியின்மேல் படிவத்தை விரித்து, நிபந்தனைக்கென விட்டிருந்த இரண்டு வரிகளில் தட்சணாமூர்த்தி எழுதினார்: 'முதற்பாட்டை நீக்கிவிடவும். பின்பாட்டில் ஓர் அடியும் குறைக்கக் கூடாது. குறைத்தால் இச்சம்மதம் செல்லாது.' கீழே முழுப்பெயரில் கையெழுத்திட்டு நாளும் இட்டார்.

"காரணம் எழுதலியேண்ணா?"

"அதுக்கு இதுல எடம் இல்லம்மா."

எழுத்து அவளுக்கு நேராக இருக்கும்படி தாளைத் திருப்பி, அவள் கையில் கொடுத்தார்.