ஏழாம் பக்கத்துப் படகு

நாலு மணிக்கு நிகழ்ச்சி. இரண்டே காலுக்குத்தான் அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். பிரிக்காமல் இருந்திருந்தால் நாலு மணி வரைக்குமாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

புத்தகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, பன்னிரண்டே பக்கம். அகதிகளாக வந்தவர்களைக் கொண்டாட வருஷா வருஷம் நகரமன்றக் கூடத்தில் நடக்கும் கலைவிழாவின் நிகழ்ச்சி நிரல். சுவர் முழுக்க ஓவியங்கள், நடுவில் பாட்டும் ஆட்டமும், கடைசியில் ஐந்து பேர் மேடையேறி தாங்கள் இந்த ஊருக்கு வந்த கதையைச் சொல்வார்கள். அந்த ஐந்து பேரில் என் அண்ணியும் ஒருத்தி. ஏழாம் பக்கத்தில் அண்ணியின் போட்டோ அழகாக விழுந்திருந்தது. கீழே இப்படி அச்சிட்டிருந்தார்கள்:

"ஆறு நாள் திறந்த படகில் வந்தவர். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நாற்பத்திரண்டு பேர். பக்கத்தில் கிடந்த முதியவருக்குத் தன்னிடம் இருந்த கடைசித் தண்ணீரைக் கொடுத்தவர்."

இன்னொரு தடவை படித்தேன். அண்ணி படகில் வரவே இல்லை. விமானத்தில் வந்தாள். எந்தத் தேதி, எந்த விமானம், எந்த இருக்கை என்பது வரை அவளுடைய வழக்குக் கோப்பில் எழுதியிருக்கிறது. புதன்கிழமை விசாரணை. அவள் சொல்வது உண்மை என்று நீதிபதி நம்பினால் இங்கே இருக்கலாம், அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் என் அண்ணனையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். நம்பாவிட்டால் அவளும் திரும்பிப் போக வேண்டியதுதான். எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இந்த ஊர் மொழி அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. பெயர் கேட்டால் சொல்வாள், நன்றி சொல்வாள், அவ்வளவுதான்.

"என் போட்டோ நல்லா வந்திருக்கில்ல? கீழ என்ன போட்டிருக்கு?"

"நல்லதாத்தான் போட்டிருக்கு அண்ணி. இருங்க, ஒரு போன் பண்ணிட்டு வர்றேன்."

கோட்டு மாட்டும் இடத்தில், ஈரக் குடைகளுக்கு நடுவே நின்று வக்கீலைக் கூப்பிட்டேன். இந்த ஊர்க்காரர், நல்ல மனுஷர், ஆனால் சனிக்கிழமையில் தொந்தரவு செய்தால் குரல் கரகரக்கும். ஏழாம் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"புதன்கிழமை எதிர்த்தரப்பு இதை நீதிபதி முன்னால வைப்பாங்க," என்றார். "ஒரே பொம்பளை, ரெண்டு கதை. எது பொய்னு கேட்டா நான் என்ன சொல்ல? யார் எழுதினது இது?"

"நாடகக்காரி. அவங்களா இட்டுக்கட்டி எழுதிட்டாங்க."

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது.

"அப்போ அதையே அவங்க கையால எழுதி வாங்கிட்டு வாங்க. தானா கற்பனை பண்ணினேன்னு ஒரு வரி, கையெழுத்து. சீக்கிரம்."

நாடகக்காரி என்று நான் சொல்வது விழாவை நடத்தும் அம்மாளை. கழுத்தில் எப்போதும் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பாள். மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில் அவளைப் பிடித்தேன். அண்ணியும் பின்னாலேயே வந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று தெரிந்துகொண்டிருப்பாள்.

"ஏழாம் பக்கத்துல இருக்கிறதெல்லாம் நீங்களா எழுதினதுன்னு ஒரு வரி எழுதித் தரணும்," என்றேன்.

நாடகக்காரிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நான் ஒரு வார்த்தை கூடச் சேர்க்கலையே," என்று சொல்லிப் போனை எடுத்தாள். "அன்னிக்குப் பேசினதை நீங்க சம்மதிச்சுத்தானே பதிவு பண்ணினேன்? கேளுங்க."

கேட்டோம். முதலில் அவளுடைய கேள்வி: எப்படி வந்தீர்கள்? அடுத்து அண்ணியின் குரல், தமிழில்: "ப்ளேன்லதான் வந்தேன். ஜன்னல் ஓரம் சீட்டு." அதற்குப் பிறகு "வேற ஏதாவது?" என்று நாடகக்காரி. பிறகு மொழிபெயர்ப்பாக, இவர்கள் மொழியில், என் குரல். ஓயவே இல்லை. நீலத் தார்ப்பாய், டீசல் நாற்றம், இஞ்சின் நின்றுபோன மூன்றாம் நாள், பெரியவர், தண்ணீர். மடை திறந்த மாதிரி போய்க்கொண்டே இருந்தது.

அண்ணி என்னைப் பார்த்தாள். "நான் ஒரு வரிதானே சொன்னேன்? நீ எதுக்கு இவ்ளோ நேரம் பேசுறே?"

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தால் அவன் முகம் எப்படி இருக்குமோ, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். அன்றைக்கு அண்ணி ஒரே வரியோடு நிறுத்தியதும், நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே நாடகக்காரி பேனாவை மூடிவிட்டாள். "வேற ஏதாவது?" என்று கேட்டாள். அந்த மூடிய பேனாவைப் பார்த்து எனக்கு ஆத்திரம் வந்தது. என் அண்ணி பட்ட கஷ்டம் இவர்களுக்குப் போதவில்லையா, கடலில் நனைந்து வந்தால்தான் கைதட்டுவார்களா என்று. மேடையேறுகிறவர்களுக்கு, இவர் எங்கள் ஊரோடு ஒன்றிவிட்டவர் என்று மன்றத்தில் ஒரு கடிதம் தருவார்கள். வழக்குக்கு அது உதவும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அண்ணியைக் கழித்துவிடுவார்களோ என்ற பயம். வாயைத் திறந்தேன், படகு வந்துவிட்டது. தான் சொன்னதைத்தான் நான் சொல்கிறேன் என்று நம்பி அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

மேடையில் என்ன செய்வதாக இருந்தேன் என்று கேட்டால், அதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணி தமிழில் விமானத்தைச் சொல்வாள், நான் இவர்கள் மொழியில் படகைச் சொல்வேன். கூடத்தில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. பேச்சுதானே, காற்றோடு போய்விடும். அச்சில் வரும், வீடியோ எடுப்பார்கள் என்பதெல்லாம் என் மரமண்டைக்கு எட்டவில்லை.

"ஏன் சொன்னீங்க?" என்று நாடகக்காரி கேட்டாள். அவள் ஒரு கண்ணாடியைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். "இதை நீங்க இட்டுக்கட்டலை. தார்ப்பாய்ல நாலாவது ஓட்டையைச் சணலால கட்டியிருந்தாங்கன்னு இட்டுக்கட்டி யாரும் சொல்ல மாட்டாங்க. யாரோடது இது?"

"என்னோடது," என்றேன், அவள் மொழியில்.

"என்னவாம்?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல அண்ணி. வேற யாரோட கதையோ உங்க பக்கத்துல மாறி வந்திருச்சாம்."

பதினொரு வருஷமாக வீட்டில் எல்லோருக்கும் நான் விமானத்தில் வந்தவள். என்னை அனுப்பி வைத்தது அண்ணன். ஏஜெண்ட் டிக்கெட் போட்டுவிட்டான் என்று நம்பிக் கையாட்டி அனுப்பினான். வந்து சேர்ந்ததும் போனில், "சௌகரியமா வந்துட்டேன், சாப்பாடுதான் வாயில வைக்க முடியல," என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை அப்படியே கட்டிக் காப்பாற்றி வந்தேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளை மடிக்கிறேன். பக்கத்தில் நிற்பவள் கேட்டாலும் விமானம்தான். அடுத்தவள் பெயரில் சொல்லலாம் என்றதும் எப்படிக் கொட்டியிருக்கிறேன் பாருங்கள். அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

மூன்று மணிக்கு நாடகக்காரி ஆட்களை விட்டு நாற்காலி நாற்காலியாக ஏழாம் பக்கத்தைக் கிழிக்க வைத்தாள். நானும் அண்ணியும் கூடச் சேர்ந்து கிழித்தோம். தன் போட்டோவைத் தானே கிழிக்க வேண்டியிருக்கிறதே என்று அண்ணி முனகினாள். முந்நூறு நாற்காலி. முடித்துவிட்டு மூச்சு வாங்கும்போதுதான் நாடகக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். நேற்றே நூறு பிரதி நூலகத்துக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்விட்டது. இணையத்தில் போட்டு நாலு நாளாகிறது.

மறுபடியும் குடைகளுக்கு நடுவே போனேன். இந்தத் தடவை வக்கீலிடம் பொய் சொல்லத் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவார் என்று பார்த்தேன், திட்டவில்லை.

"உங்க பழைய கோப்புல அந்தப் படகு இருக்கா?"

"இருக்கு. வந்த புதுசுல என்னை விசாரிச்ச அதிகாரிகிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"அப்போ வழி இருக்கு. இன்னிக்கு, அதே மேடையில, அதே வீடியோவில உங்க வாயால சொல்லணும். அந்தப் பக்கம் என்னோடது, தப்பு என்னோடது, அவங்களுக்குத் தெரியாதுன்னு. உங்க கோப்பும் அந்த வீடியோவும் ஒண்ணா இருந்தா நான் பார்த்துக்கிறேன். ஆனா கோப்புல இருக்கிறபடி சொல்லணும். ஒரு சொல் மாறக்கூடாது. மாறினா மறுபடியும் ரெண்டு கதை ஆயிடும்." காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது, அவரும் இணையத்தில் இருந்து எடுத்து வைத்திருந்தார் போல. "இந்தத் தண்ணி குடுத்தது, இது கோப்புல இருக்கா?"

ஒரு குடையிலிருந்து சொட்டிய நீர் என் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது.

"கோப்புல வேற மாதிரி இருக்கு," என்றேன்.

"அப்போ வேற மாதிரியே சொல்லுங்க. நான் வர்றேன்."

நாலு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. சுவரோரம் கூட நின்றார்கள். பாட்டு முடிந்து, ஆட்டம் முடிந்து, எங்களுக்கு முன்னால் ஒரு தச்சர் தன் கதையைச் சொன்னார். கூடமே எழுந்து நின்று தட்டியது. எனக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, மறைக்க என்ன இருக்கிறது. பின்கதவு திறந்துதான் இருந்தது. அண்ணி என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அதனால்தான் போகவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பேரும் போய் நின்றோம். அண்ணி பேசினாள், நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு வரிக்கு ஒரு வரி. ஜன்னல் ஓரம் சீட்டு. கீழே தன் ஊர் எது என்று தேடிப் பார்த்ததாகவும், மேகம் மறைத்துவிட்டதாகவும் சொன்னாள். தட்டில் வந்த ரொட்டியைச் சின்னவளுக்கு என்று கைப்பையில் எடுத்து வைத்தாளாம். சின்னவள் கூட வரவில்லை என்பது பையை மூடிய பிறகுதான் உறைத்ததாம். நான் அந்த வரியைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பேனாவை மூடிவிட்டுக் கேட்டால் இதெல்லாம் எங்கே வரும். நாடகக்காரியைச் சொல்லவில்லை, நானும் என்றைக்கு இவளை உட்கார வைத்துக் கேட்டேன்?

அண்ணி முடித்துக் கும்பிட்டாள். கைதட்டினார்கள். போகலாம் என்று என் கையை இழுத்தாள்.

நான் நகரவில்லை. கடைசி வரிசையில் வக்கீல் நின்றபடியே போனை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"உங்கள் புத்தகத்தில் ஏழாம் பக்கம் இருக்காது," என்று ஆரம்பித்தேன். "இணையத்தில் பார்த்தவர்கள் படித்திருப்பீர்கள். அது இவருடைய கதை இல்லை. இவருக்கு அது தெரியவே தெரியாது. அந்தப் படகில் வந்தவள் நான்."

கோப்பில் இருந்தபடியே சொன்னேன். எண், நாள், தார்ப்பாய், சணல். பெரியவர் வரை குரல் ஒழுங்காகத்தான் வந்தது. அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது, கையைக் குவித்துக் கேட்டார். மூன்று தடவை கேட்டார். என் சட்டைக்குள் அரை பாட்டில் இருந்தது. இல்லை என்று மூன்று தடவையும் கையை விரித்தேன். ஐந்தாம் நாள் அவரைத் தூக்கிக் கடலில் விட்டார்கள். ஆறாம் நாள் கரை தெரிந்தது. இறங்கும்போதும் பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

ஒருத்தரும் தட்டவில்லை. தட்டியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீல் மெல்லப் போனைக் கீழே இறக்கி, போதும் என்கிற மாதிரி தலையசைத்தார்.

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நிசப்தம் மட்டும் புரிந்திருக்கிறது.

"என்ன சொன்னே? ஏன் எல்லாரும் இப்படிப் பார்க்கிறாங்க? என்னைப் பத்தியா?"

"இல்ல அண்ணி. என்னைப் பத்தி."

"அப்போ எனக்கும் சொல்லு."

அந்நிய மொழியில் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. அது யாரோ ஒருத்தியின் வாய் மாதிரி, சொல்லிவிட்டு மூடிக்கொள்ளலாம். இதைத் தமிழில் நான் எனக்குள்ளே கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. அதுவும் அண்ணனிடம் போய்ச் சேரப் போகிற காதில்.

"நான் ப்ளேன்ல வரல அண்ணி," என்றேன். "படகுல வந்தேன்."

அவள் பிடி இறுகியது. "ஐயோ," என்றாள். அப்புறம், "எங்ககிட்ட ஏன்மா மறைச்சே? பட்ட கஷ்டத்தைச் சொல்றதுல என்ன?"

கஷ்டம் என்றே நினைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்கிட்ட தண்ணி இருந்துச்சு அண்ணி," என்றேன். "பக்கத்துல ஒருத்தர் கேட்டார். நான் குடுக்கல."