டெல்ஃபியாவின் குட்டைக் கொம்பு

"கொம்பு ஆர்வில் செஞ்சது. தோள்ல மாட்டிக்கிட்டு வந்தது மட்டும்தான் நீ," என்றார் க்ளோவிஸ், பேர் எழுதும் மேசையை விட்டு எழுந்திருக்காமலே.

"நான் செஞ்சது," என்றாள் டெல்ஃபியா.

"கொம்போட அகன்ற வாயை அடைக்கிற அடிக்கட்டையைப் பாரும்மா. முள்ளாணி. மத்தவன் எல்லாம் பித்தளை ஆணி அடிப்பான். முள்ளைப் பாத்தாலே ஆர்வில் கைன்னு இந்த மலையில எல்லாருக்கும் தெரியும்."

துப்பாக்கிக் குழல் வாயில் வெடிமருந்தையும் குண்டையும் இடித்துச் சுடுகிறவர்களின் கூட்டம் அது. அன்றைய போட்டிக்கு ஒரே விதிதான். துப்பாக்கி யாருடையதாகவும் இருக்கலாம். வெடிமருந்து வைக்கிற மாட்டுக் கொம்பும், குண்டு போட்டுக்கொள்கிற தோல்பையும் சுடுகிறவர் தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். வருஷா வருஷம் ஜெயிப்பவன் டெல்ஃபியாவின் புருஷன் ஆர்வில். அவன் தோளில் தொங்கிய கொம்பும் அவள் செய்ததுதான். அது இரண்டே பேருக்குத் தெரியும். அதில் ஒருத்தன் இப்போது பூட்ஸ் நுனியால் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"சொல்லேன்," என்றாள் அவனிடம், மெதுவாக.

"வீட்டுல பேசிக்கலாம், டெல்."

"வீட்டுல பேசியாச்சு."

குளிர்காலம் முழுக்கப் பேசியதுதான். ஆசைக்குச் சுடு, போட்டிக்கு எதுக்கு என்பான். அவள் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுட்டுப் பழகுவாள்.

அவள் க்ளோவிஸ் பக்கம் திரும்பினாள். "கட்டையைப் பிடுங்கிட்டு உங்க முன்னாடியே திரும்ப மாட்டறேன்."

"பழைய ஓட்டையில பழைய முள்ளை எங்க மாமியாரே சொருகும்," என்றான் வரிசையில் நின்ற ஒருத்தன். சிரிப்பு எழுந்தது.

"அப்ப ஓட்டைக்கு மேல அறுத்துட்டு, புதுசாவே மாட்டறேன்."

க்ளோவிஸ் இப்போது எழுந்தார். "அறுத்தா திரும்ப ஒட்டாதும்மா. கட்டை சரியா உட்காரலேன்னா இன்னைக்கு நீ சுட முடியாது. கொம்பும் போச்சு."

"தெரியும். ரம்பம் குடுங்க."

மருந்தை அவருடைய மூடி போட்ட ஜாடியில் கொட்டினாள். கொம்பைத் தட்டி, உள்ளே துணிவிட்டுத் துடைத்தாள். பிறகு அகன்ற பக்கத்தில் நான்கு விரல் அகலம் அறுத்தாள். பாசி நிறம் ஏற்றிய பாகம் கட்டையோடு புல்லில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. மிஞ்சிய வாய் சின்னதாகிவிட்டது. கட்டையைக் கழற்றி, அதற்கேற்ப மடியில் வைத்துச் சீவினாள். ஒரு சீவல் கூடினாலும் காற்றுப் போகும்.

கொம்பின் வாயைச் சூட்டில் இளக்க அவள் போன சமையல் கூடாரத்தில், சமைக்கிற ஓமா மீன் வறுத்து முடித்திருந்தாள். சட்டியில் பன்றிக் கொழுப்பு இன்னும் கொதித்தது.

"என் மீன் சட்டியில மாட்டுக் கொம்பா? நாறுமேடி."

"நாறும்தான்."

"வெந்நீர் வச்சுத் தரேனே."

"உள்ள ஈரம் தங்கினா மருந்து கட்டிப்போகும் ஓமா. இதை வச்சு நான் சுடணும்."

ஓமா கூட்டத்தைப் பார்த்தாள். "போடு. இவனுங்க துவைக்காத தோல்சட்டைக்கு இந்த நாத்தம் எவ்வளவோ தேவலை."

கொம்பின் வாயை மட்டும் கொழுப்பில் பிடித்தாள். மயிர் கருகுகிற வாடை வந்தது. வாய் தோல் மாதிரி இளகியதும் எடுத்து, துடைத்து, கட்டையை வைத்து அழுத்தினாள். பாதி போய் நின்றுவிட்டது. கொம்பு ஆறினால் இரும்பு. ஆர்வில் தன்னையறியாமல் கையை நீட்டி முன்னே வந்தான்.

"தள்ளி நில்லு," என்றாள் டெல்ஃபியா. "உன் கை பட்டா உன்னுதாயிடும்."

அவன் நின்றான். அவள் கட்டையைக் கூடாரக் கம்பத்தில் முட்டுக் கொடுத்து, உடம்பின் முழு பாரத்தையும் கொம்பின் மேல் சாய்த்தாள். உள்ளங்கை வெந்தது. விடவில்லை. மெல்ல, ஒரு பெருமூச்சு மாதிரி, கட்டை உள்ளே போனது. ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தாள். பிறகு ஊசியால் சுற்றித் துளை போட்டு, பையிலிருந்து முட்களை எடுத்துச் சீவி அடித்து, இடுக்கில் தேன்மெழுகு தேய்த்து, க்ளோவிஸிடம் நீட்டினாள்.

க்ளோவிஸ் கொம்பின் நுனியில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டுக் கையை எடுத்தார். கொம்பு அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. எங்கேயும் காற்று நுழையாமல் தொங்கிக்கொண்டே இருந்தது.

"தாத்தாவுக்குத் துதிக்கை முளைச்சிருச்சு," என்றான் முன்னே மாமியாரை இழுத்த அதே ஆள்.

க்ளோவிஸ் கொம்பைப் பிடுங்கி, புது முட்களைத் தடவிப் பார்த்தார். "ஆர்வில், உன் கொம்பைக் கொஞ்சம் காட்டு."

ஆர்வில் டெல்ஃபியாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, அவனுக்காக வாயைத் திறக்கவும் இல்லை.

"பாக்க வேண்டாம்," என்று அவன் வாரைத் தலைவழியாகக் கழற்றினான். "என் பேரை அடிச்சிடுங்க. இதுவும் அவ செஞ்சது. இதுவரை என் பேர்ல வித்த கொம்பெல்லாம் அவ செஞ்சது."

"பை?"

"பையும்."

"சட்டையாவது நீ தைச்சதா?"

"அதுவும் இல்ல."

க்ளோவிஸ் ஒரு பேரை அடித்துவிட்டு அதன் கீழே இன்னொன்றை எழுதினார்.

குட்டைக் கொம்பு இப்போது இடுப்பில் உட்காராமல் விலாவில் இடித்தது. மீன் வாடை அடித்தது. டெல்ஃபியா ஜாடி மருந்தை அதில் நிரப்பி, சுடுகிற கோட்டில் போய் நின்றாள். ஆர்வில் கயிற்றுக்கு வெளியே, பார்க்கிறவர்களோடு நின்றான்.

"காத்து இடப்பக்கமா இழுக்குது, டெல்," என்றான்.

"பாத்துட்டேன்," என்று அவள் கொம்பின் மூடியைப் பல்லால் கடித்து எடுத்தாள்.