பின் சீட்டுக் கனம்

வல்லத்திராக்கோட்டை ஆத்மநாதனின் பைக்கில், பின் சீட்டில் ஆள் இல்லாதபோதும் ஓர் ஆளின் கனம் இருந்தது. டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவன் அவன். காலையில் வேலைக்குப் போகும்போது இது யாருக்கும் தெரியாது. பொழுது சாய்ந்து திரும்பும்போதுதான் தெரியும். முன்விளக்கின் வெளிச்சம் ரோட்டில் விழாமல் புளியமரத்து உச்சியில் விழுந்தது. அங்கே அடைந்திருந்த காக்கைகள் ஆரம்பத்தில் கத்தின, பிறகு பழகிக்கொண்டன.

பைக் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இது எளிது. பின்சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் சுருள்வில் இருக்கிறது. பின்னால் கனம் ஏறினால் வில் அமுங்கும், வால் தாழும், மூக்குத் தூக்கும், மூக்கில் இருக்கிற விளக்கும் கூடவே தூக்கும். குண்டு மச்சானை ஏற்றிக்கொண்டு போன எவருக்கும் இது தெரியும். மச்சான் இல்லாமலே இது ஏன் நடக்கிறது என்பதுதான் ஆத்மநாதனுக்குப் பிடிபடவில்லை. ஆலங்குடி ரோட்டு மெக்கானிக் பாலாஜி ஷாக் அப்சார்பரை மாற்றினான், மாற்றியதையும் மாற்றினான். விளக்குக்கு அடியில் உயரம் வைப்பதற்கென்றே ஒரு திருகு உண்டு. அதைத் திருகி வெளிச்சத்தைக் கீழே இறக்கினான். சில வாரம் ரோடு தெரிந்தது, பிறகு வெளிச்சம் மறுபடி மெல்ல ஏறியது. முதல் வருடம் மரத்தின் அடியில் பூசிய வெள்ளைப் பட்டை வரைக்கும், அடுத்த வருடம் கிளைக்கு, அதற்கடுத்த வருடம் உச்சிக்கு. பின் டயர் பாதி ஆயுளில் வழுக்கையானது. "அண்ணே, வண்டி மேல தப்பு இல்ல. நீங்க யாரையோ ஏத்திக்கிட்டுத் திரியிறீங்க, எங்கிட்ட மறைக்கிறீங்க" என்றான் பாலாஜி, கையைத் துடைத்துக்கொண்டே.

ஆத்மநாதன் அதைச் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் ஆவணியில் ஒரு நாள், மகள் ஹரிணியை டியூஷனிலிருந்து கூட்டிவரும்போது, யாரோ ரோட்டில் கொட்டி வைத்திருந்த மணல் குவியல் தெரியாமல் அதில் ஏறி இரண்டு பேரும் விழுந்தார்கள். ஹரிணிக்கு முழங்கை உரிந்தது. "மரத்துக்கு லைட் அடிக்கிற வண்டியில இனிமே நான் வரலப்பா" என்று சொல்லி வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். மனைவி செவந்தி மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, "அடுத்த தடவை கையோட போகும்னு என்ன நிச்சயம்? வண்டிய சரி பண்ணுங்க, இல்ல வித்துத் தொலைங்க" என்றாள். டியூஷன் முடிகிற நேரத்துக்கு பஸ் கிடையாது. அதனால் அந்த வாரம் ஹரிணி டியூஷனுக்கே போகவில்லை.

அதே வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் புருசனும் பொண்டாட்டியும் டவுனுக்குப் போனபோது, வளைவில் நின்ற போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, "மூணு பேரா போறீங்க?" என்றார். பிறகு ஆத்மநாதனைப் பார்த்தார், செவந்தியைப் பார்த்தார், செவந்திக்குப் பின்னால் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரி சரி, போங்க" என்றார். செவந்தி தான் உட்கார்ந்திருந்த விதத்தை அப்போதுதான் கவனித்தாள். வேற்று ஆம்பளை ஒருவர் பின்னால் இருந்தால் எப்படி ஒடுங்கி முன்னால் நகர்ந்து உட்காருவாளோ அப்படி இருந்தாள். மூன்று வருடமாகவே அப்படித்தான் உட்காருகிறாள். வண்டியை விட்டு இறங்கி நின்றாள்.

"ஏங்க, ஹரிணிக்குக் காய்ச்சல் வந்தப்ப அய்யனாரக் கூட வரச் சொன்னீங்கள்ல?"

"ஆமா."

"எறக்கி விட்டீங்களா?"

ஆத்மநாதன் எஞ்சினை அணைத்தான். அது மூன்று வருடத்துக்கு முன்னால் வந்த டெங்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ஹரிணிக்கு ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே இருந்தது. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், திரும்பும் வழியில் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினான். எஞ்சினையும் அணைக்கவில்லை, செருப்பையும் கழற்றவில்லை. "ஏறிக்கங்க சாமி. என் கூடவே இருங்க. விட்டுட்டுப் போயிறாதீங்க" என்று அழுதான். ஆஸ்பத்திரி வரைக்கும் வாய் மூடாமல் பேசிக்கொண்டே போனான். அன்று வெளிச்சம் எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு பள்ளத்திலும் சக்கரம் விழவில்லை. பிள்ளை பிழைத்தாள். நேர்ந்தபடி மண்குதிரை செய்து வைத்தான், ஊருக்குச் சோறு போட்டான். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். பிறகு வந்தவை கடை, வீடு, ரேஷன், டியூஷன் என்று ஒன்றைப் போல ஒன்று இருந்த நாட்கள். அந்த நாட்களில் பின்னால் இருந்தவரிடம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தப் பக்கத்தில் வழியில் கைகாட்டியவரை ஏற்றிக்கொண்டால் பேச்சுக் கொடுத்துக்கொண்டு போவதுதான் மரியாதை. எந்த ஊர், யார் வீடு, இந்த வருடம் கடலை எப்படி என்று ஏதாவது கேட்க வேண்டும். ஒன்றும் கேட்காமல் போனால், ஏறியவர் இறங்கும்போது "சிரமம் குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தச் சொல் ஒரு மாதம் குத்தும். ஆத்மநாதன் கல்யாண வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டோரத்திலேயே நின்று தன் வண்டியைப் பார்த்தான். பின்னால் இருப்பவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டும் மடித்தபடியே துருப்பிடித்திருந்தன. செவந்தியும் ஹரிணியும் ஒருபக்கமாக உட்கார்ந்து பக்கவாட்டுக் கம்பியில்தான் கால் வைப்பார்கள். மடித்திருந்தால் கால் தொங்கும், தொடை கடுக்கும், பள்ளத்தில் இறங்கும்போது உடம்பு முழுக்க இடுப்பில் வந்து இடிக்கும். சீட்டின் மேலே கயிறு உராய்ந்த தழும்பு இருந்தது. புண்ணாக்கு மூட்டையை அங்கே வைத்துத்தான் கட்டுவான், கேஸ் சிலிண்டரையும் அங்கேதான் கட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மீன் பையை அங்கேதான் வைப்பான். பக்கத்துக் கருப்பருக்குக் கிடா வெட்டும்போது, கறி ஆகாத அய்யனார் பார்க்கக் கூடாதென்று குறுக்கே வேட்டியைத் திரையாகப் பிடிக்கிற ஊர் அது. அந்த வேட்டியின் ஒரு முனையைப் பிடிப்பது ஆத்மநாதன் வீட்டு உரிமை. அவன்தான் மூன்று வருடமாக அவர் மடியில் நெத்திலியும் கெளுத்தியும் வைத்திருக்கிறான். போதாததற்கு, இதே வண்டியில் வீட்டில் இருந்து கிளம்பும்போதே "பாதி தூரம் வந்துட்டேன் சார்" என்று முதலாளியிடம் போனில் சொல்லியிருக்கிறான். காது வரைக்கும் சுட்டது. செவந்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கொண்டு போய் மரியாதையா எறக்கி விட்டுருங்க. புள்ளைக்காவது வண்டி ஆகும்" என்றாள் செவந்தி. மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனான். பூசாரி ஆண்டியப்பன் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். விசயத்தைக் கேட்டதும் விளக்குத் திரியைக் கீழே வைத்தான்.

"ஏன்டா, மூணு வருசமா வெறும் எடத்துக்காடா நான் பூசை போட்டேன்?"

"தெரியாமப் போச்சுடா."

"ஒனக்குத் தெரியாது. அவருக்கு எண்ணெய்க் காப்பு சாத்துறப்ப ஒட்டாம வழியிறப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சரி, எறக்கு. ஏத்துனப்ப காரணம் சொன்னேல்ல, எறக்குறப்பவும் காரணம் சொல்லணும். அதான் முறை."

ஆத்மநாதன் வண்டியோடு மண்குதிரைகளுக்கு எதிரே நின்றான். ஏற்றியதற்குக் காரணம் இருந்தது. இறக்குவதற்கும் இருந்தது. "எல்லாம் நல்லா இருக்கு சாமி, அதனால..." என்று தொடங்கினான். ஆண்டியப்பன் வேறு பக்கம் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் ஆத்மநாதன் பாடம் மறந்து நின்றபோதும் அவன் அப்படித்தான் பார்ப்பான். ஆத்மநாதன், "கொஞ்சம் விளக்கெண்ணெய் குடுடா" என்றான். அதை ஃபுட்ரெஸ்ட் மூட்டில் ஊற்றி, துரு ஊறும் வரை காத்திருந்து, அசைத்து அசைத்து இரண்டையும் விரித்தான். துண்டால் சீட்டைத் துடைத்தான். "எறக்கலயா?" என்று ஆண்டியப்பன் கேட்டான். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எறக்கச் சொல்றது?" என்றான் ஆத்மநாதன்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. வெளிச்சம் வழக்கம்போல மர உச்சியில் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை ஒன்று உண்டு. அதன் நினைவு வந்ததும், "சாமி, வேகத்தடை வருது, புடிச்சுக்கங்க" என்றான். வெளிச்சம் சட்டென்று இறங்கி ரோட்டில் விழுந்தது. வேகத்தடை தெரிந்தது. அவன் வாயை மூடியதும் வெளிச்சம் மறுபடி மரத்துக்கு ஏறியது.

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் விளங்கியது. பேச்சுக் கொடுக்கப்படாத ஆள் பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே போய், கடைசியில் பிடிகம்பியில் சாய்ந்துவிடுகிறார். கனம் வாலின் நுனிக்குப் போகப் போக மூக்குத் தூக்கும். திருகை எத்தனை தடவை இறக்கினாலும் அவர் அதற்கு மேலும் நகர்வார். பேசினால், ஹெல்மெட்டுக்குள் இருந்து வருகிற பேச்சுக் காதில் விழ வேண்டுமே என்று முன்னால் சாய்கிறார். கனம் முன்னால் வருகிறது, வால் எழும்புகிறது, விளக்கு இறங்குகிறது. இதில் பெரிய பேச்சு, சின்னப் பேச்சு என்ற வித்தியாசம் வில்லுக்குக் கிடையாது.

ஆனால் பேச ஒன்றும் இல்லை. பிள்ளை சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரி வரைக்கும் வற்றாமல் வந்த பேச்சு, பிள்ளை வீட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வரி வரவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட அவமானமாக இருந்தது. கண் கலங்கியதில் மரத்து உச்சியும் மங்கியது. கடைசியில், "இன்னைக்குக் கடையில ஒருத்தர் வந்தாரு சாமி. நாவப்பழ நெறம் வேணும்ன்னாரு, பழமா கொட்டையான்னு கேட்டேன், ரெண்டுக்கும் நடுவுலன்னாரு" என்றான். வெளிச்சம் இறங்கியது. அதையே இழுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

மறுவாரம் ஹரிணி டியூஷனுக்குப் போனாள். திரும்பும்போது அப்பாவுக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போதும் வெளிச்சம் ரோட்டில்தான் விழுந்தது. மீன் பை ஹேண்டிலுக்கு மாறியது. எதிரில் வருகிறவர்கள் ஆத்மநாதன் ஹெட்செட்டில் பேசுவதாக நினைத்தார்கள். விசயம் தெரிந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். ஆண்டியப்பன் சாயங்காலப் பூசையை வண்டி கோயிலைக் கடக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டான். சொல்ல ஒன்றுமே இல்லாத நாட்கள் நிறைய வந்தன. அன்றெல்லாம் "இன்னைக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்று தொடங்குவான், அதற்கே அவர் சாய்வார்.

ஆயில் மாற்றப் போனபோது பாலாஜி விளக்கைப் போட்டுப் பார்த்து, வெளிச்சம் சுவரில் சரியான உயரத்தில் விழுவதைக் கண்டு, என்ன பார்ட்ஸ் மாற்றினீர்கள் என்று கேட்டான். பார்ட்ஸ் எதுவும் மாற்றவில்லை என்றான் ஆத்மநாதன். ஃபுட்ரெஸ்டை விரித்து வைக்க வேண்டும், பின்னால் இருப்பவரிடம் பேசிக்கொண்டே போக வேண்டும், அவ்வளவுதான்.