மோதிர விரல்

நெட்டையன் அதே இடத்தில் மூன்றாவது தடவையாகத் தடுக்கினான். சுரங்கள் மளமளவென்று மேலேறும் வரி அது. அவனுடைய இடது கை மோதிர விரல், சூடு பட்டதுபோலச் சுருண்டு உள்ளங்கைக்குள் போய்விட்டது. வயலினை இறக்கிவிட்டு, "குளிர்ல கை விறைச்சுப் போச்சு" என்று சிரித்தான். அறையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. வயலினைவிடச் சற்றே பெரிய வியோலாவைத் தோளிலிருந்து எடுக்காமலே அவள் செல்லோக்காரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் குழு. நான்கு பேரும் நான்கு நாட்டுக்காரர்கள். இசைக் கல்லூரியில் பழகி, ஒரு சலவைக் கடையின் மாடியில் அறை பிடித்து, மூன்று வருடமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். ஒட்டுப்போட்ட ஒரு பொது மொழியில் பேசிக்கொள்வார்கள். திட்டுவதற்கு மட்டும் அவரவர் தாய்மொழி. இன்னும் பத்து நாளில் போட்டி. ஜெயித்தால் இரண்டு வருட வேலையும், இந்த நாட்டில் தங்குவதற்கு அனுமதியும் கிடைக்கும். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவள் நாட்டில் சண்டை ஓய்ந்தபாடில்லை. படைக்கு இழுத்துக்கொண்டு போன அண்ணனைப் பற்றி எட்டு மாதமாகத் தகவல் இல்லை. "நீயாவது அங்கேயே இரு" என்று அம்மா போனில் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் வேறு எதுவுமே பேசுவதில்லை.

அன்று நெட்டையன் கிளம்பியதும் மற்ற இருவரும் அவளை மாடிப்படியில் நிறுத்தினார்கள்.

"நீ சொன்னாதான் கேப்பான்" என்றான் செல்லோக்காரன். "நாங்க சொன்னா கைகலப்பாயிடும்."

"அவனுக்குப் பதிலா யாரு வாசிப்பா?"

இரண்டாம் வயலின்காரி கைப்பிடிச் சுவரைச் சுரண்டினாள். "என்கூடப் படிச்ச பொண்ணு. நாளைக்கு வர்றா."

ஏற்கனவே பேசி முடித்துவிட்டார்கள். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்துக் கூசியபடியே நெட்டையன் தங்கியிருந்த விடுதிக்கு நடந்தாள்.

கதவைத் திறந்தவனின் இடது கை ஈரமாக இருந்தது. மேசைமேல் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் வாயெடுப்பதற்குள் அவனே, "யாரு வர்றா?" என்று கேட்டான். சொன்னாள்.

"நல்லா வாசிப்பா" என்றான். பிறகு விரலைத் துடைத்துக்கொண்டே, "நரம்பு டாக்டர் அஞ்சு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு. சரியாகும்னு நம்பாதேன்னு" என்றான்.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து நின்னிருப்ப."

அவள் பார்வையை வெந்நீர்ப் பாத்திரத்துக்கு மாற்றினாள். அவன் அலமாரியிலிருந்து தன்னுடைய இசைத்தாள்களை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "அவளுக்கு உதவும். எங்கம்மா உனக்குப் போன் பண்ணா, ஒத்திகையில இருக்கான்னு சொல்லிடு." கதவை மெதுவாகத்தான் சாத்தினான்.

மறுநாள் புதியவள் அந்தத் தாள்களை ஸ்டாண்டில் விரித்துவைத்துப் புருவத்தைச் சுருக்கினாள். ஒவ்வொரு சுரத்தின் மேலும் எந்த விரல் என்று பென்சிலில் எண் குறித்திருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"மோதிர விரலையே விட்டுட்டு வாசிச்சிருக்காரு. யாருங்க இப்படி வாசிப்பா?"

செல்லோக்காரன் ரப்பரை எடுத்து நீட்டினான். புதியவள் முதல் பக்கத்தை வரி வரியாக அழித்தாள். தூளை ஊதினாள். அது நான்கு நாற்காலிகளுக்கும் நடுவே போய் விழுந்தது. பிறகு வயலினைத் தோளில் வைத்து, மற்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆரம்பிப்பதற்காக மூச்சை இழுத்தாள். சின்ன மூச்சு, சத்தமே இல்லை; நெட்டையன் இழுத்தால் அறைக்கே கேட்கும்.

மூன்று வில்கள் ஒன்றாக இறங்கின. வியோலாவின் வில் மட்டும் தந்திக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.