ஃபைல் கொள்ளுற பிரிட்ஜ்

என்ர மனுசன் முத்துலிங்கம் நெடுங்கேணியில உழவு மிசினுக்குப் பின்னால கொழுவுற பெட்டி அடிக்கிறவர். நெல்லு ஏத்துற பெட்டி, விறகு ஏத்துற பெட்டி, தண்ணித் தாங்கி வைக்கிற பெட்டி எண்டு முப்பது வரியமா இரும்போடதான் அவற்ற சீவியம். போன மார்கழியில ஓடர் ஒண்டும் வரேல்லை. சும்மா இருக்கேலாத மனுசன், பட்டறைக்குப் பின்னால ஏதோ தட்டுறதும் ஒட்டுறதுமா நிண்டார். தை பிறக்க, அந்தச் சாமானை எங்கட பழைய வான் வண்டியில கொழுவி இழுத்துக்கொண்டு வந்து முத்தத்தில விட்டார். பாத்தால் கூரை வைச்ச பெட்டி. ரெண்டு பக்கமும் யன்னல். உள்ளுக்க ரெண்டு பேர் படுக்க மெத்தை. பின்னால மடிச்சு விரிக்கிற பலகை, அதில ஒரு காஸ் அடுப்பு.

"என்னப்பா, கொத்துரொட்டிக் கடை போடப் போறியளோ?" எண்டு கேட்டன்.

"இல்லை. உம்மை ஏத்திக்கொண்டு ஊர் சுத்தப் போறன். முல்லைத்தீவால இறங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் கடல் மட்டும். அஞ்சு நாள்."

எனக்கு முதல்ல கோவம்தான் வந்தது. குசினிக் கூரை ஒழுகுது, அதை ஒட்ட நேரமில்லை, ஊர் சுத்தப் பெட்டி அடிக்க மட்டும் நேரமிருக்குதோ எண்டு நல்லாப் பேசினன். நான் பேசி முடிச்சாப்பிறகு, "மெத்தையில ஒருக்கா இருந்து பாருமன்" எண்டார். இருந்து பாத்தன். சொல்லக்கூடாது, நல்ல மெத்தை.

பக்கத்து வீட்டு ரஜிதா வேலிக்கு மேலால எட்டிப் பாத்தாள். அவளுக்கு ஒரு விசயம் தெரியாட்டி அண்டைக்குச் சோறு இறங்காது.

"ஆற்ற கலியாணத்துக்கக்கா?"

"ஒருத்தற்ற கலியாணமும் இல்லை."

"அப்ப கோயில் நேத்தியோ?"

"இல்லை."

"ஐயோ, ஆருக்கும் வருத்தம் கடுமையோ?"

"இல்லையடி. சும்மா போறம்."

"சும்மாவோ?" எண்டு என்ர முகத்தைப் பாத்தாள், அவற்ற முகத்தைப் பாத்தாள். எங்களுக்குள்ள ஏதோ பிரச்சினை, அதை மறைக்கிறம் எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டாள்.

அவளில பிழையில்லை. நானும் என்ர அம்பத்திரண்டு வயதில ஒரு இடத்துக்கும் சும்மா போனதில்லை. கலியாணம், செத்தவீடு, ஆசுபத்திரி, கச்சேரியில காணி அலுவல், இல்லாட்டி இடப்பெயர்வு. எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒருக்காவாவது ஒரு காரணமும் இல்லாமல் போய்க் கடலுக்கு முன்னால கதிரை போட்டுக்கொண்டு இருக்கவேணும் எண்டு ஆசை. ஆனால் எனக்குச் சீனி வருத்தம். நாலு வரியமாக் காலமையும் பின்னேரமும் ஊசி. "மருந்து ரெண்டுக்கும் எட்டுக்கும் இடையில இருக்கவேணும், சூடும் படக்கூடாது, உறையவும் கூடாது" எண்டு கிளினிக்கில தாதி சொல்லி விட்ட நாளில இருந்து, என்னைக் குசினி பிரிட்ஜோட கட்டிப்போட்ட கணக்குத்தான். உருத்திரபுரத்தில என்ர தம்பியின்ர மகளின்ர கலியாணத்துக்கும் போய், பந்தியில இருக்காமல் பஸ்ஸுக்கு ஓடி வந்தனான்.

"பெட்டியில ஒழுங்கான பிரிட்ஜ் இருந்தால் வாறன். இல்லாட்டி நீங்கள் தனியப் போய்க் கடலைப் பாருங்கோ" எண்டு சொல்லிப்போட்டன்.

பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாள் வவுனியாவுக்குப் போனம். வாகனத்தில வைக்கிற பிரிட்ஜ் விக்கிற கடைக்காரர் சியாம் மூண்டு பெட்டியைக் கொண்டுவந்து வைச்சார். முதலாவது பாரமில்லாதது, விலையும் குறைவு, உள்ளுக்க ஒரு சின்னக் காத்தாடி மட்டும். ரெண்டாவது கொம்பிரசர் வைச்சது, பதினெட்டு லீற்றர். மூண்டாவதும் கொம்பிரசர்தான், ஆனால் நாப்பது லீற்றர். மூடியைச் சுத்தி ரப்பர், முன்னால பூட்டு.

"உங்களுக்கு முதலாவதே காணும் அக்கா. பாருங்கோ, எட்டுக் காட்டுது."

"தம்பி, கடைக்குள்ள ஏசி போட்டிருக்கிறீர். இதுக்குள்ள நானும்தான் குளிர்ந்துபோய் நிக்கிறன். நாங்கள் போறது வெயிலுக்க."

மூண்டையும் வானில ஏத்தச் சொன்னன். கோழிக்குஞ்சுப் பெட்டிக்கு வைக்கிற வெப்பமானியை வீட்டில இருந்தே கொண்டு போனனான். அதைக் கைப்பையுக்கால எடுத்தன். இவர் என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சு இழுத்தார்.

"மானத்தை வாங்காதையும் பத்மா."

"உங்கட மானம் கெட்டுப்போகாது. என்ர மருந்துதான் கெட்டுப்போகும்" எண்டன்.

சியாம் நல்ல மனுசன். சிரிச்சுக்கொண்டே மூண்டையும் வானில ஏத்தி, பற்றறியில கொழுவித் தந்தார். வானை வெயிலுக்க விட்டிட்டு, கடை வாசலில இருந்து பிளேன்ரீ குடிச்சம். ரெண்டு மணித்தியாலம் கழிச்சுப் போய்ப் பாத்தால், முதலாவது பெட்டி இருவத்திரண்டில நிக்குது.

"உண்மையைச் சொல்லுறன் அக்கா. உது வெளிச் சூட்டில இருந்து பதினைஞ்சு பதினாறுதான் இறக்கும். இண்டைக்கு வெளியில முப்பத்தெட்டு."

"அப்ப உதை நுவரெலியாவில கொண்டுபோய் வில்லும் தம்பி."

மற்ற ரெண்டும் நாலில நிண்டுது. எனக்குச் சின்னன் தாராளம். மருந்துப் போத்தில் நாலு, இன்னும் என்ன? இவர்தான் பெரிசைத் தடவித் தடவி நிண்டார். பொத்துவிலில மீன் மலிவாம், நாப்பது லீற்றர் எண்டால் பாரை மீன் ஒண்டை அப்பிடியே மடக்கி வைக்கலாமாம். நான் கைப்பையுக்கால என்ர ஃபைலை எடுத்து சின்னப் பெட்டிக்க வைச்சுப் பாத்தன். நீளம் காணாது. பெரிசுக்க வைச்சன். அச்சாவாப் படுத்துது.

"இதுதான்" எண்டன். மனுசனுக்குச் சரியான புளுகம், முகமெல்லாம் சிரிப்பு, தன்ர மீனுக்குத்தான் நான் ஓமெண்டனான் எண்டு.

அந்த ஃபைலைப் பற்றிச் சொல்லவேணும். வன்னியில எந்த வீட்டிலயும் அது இருக்கும், ஓடவேண்டி வந்தால் முதல் தூக்கிறது அதைத்தான். காணிக்கு அரசாங்கம் தந்த பெமிற், எங்கட பிறப்புச் சான்றிதழ், கலியாண எழுத்து, மகளின்ர சோதனைப் பெறுபேறு, எரியாமல் மிஞ்சின நாலு படம். இவர் ஊர் சுத்தப் போறன் எண்டு சொன்ன நாள் தொடக்கம் என்ர மனதில ஓடினது மீனுமில்லை, கடலுமில்லை. இந்த ஃபைலை எங்க வைக்கிறது எண்டதுதான். ரப்பர் மூடி, பூட்டு, தண்ணி போகாது. இதைவிடப் பாதுகாப்பு வேறை எங்க?

திரும்பி வெளிக்கிட்டால் வான் ஸ்ராட் வரேல்லை. மூண்டு பிரிட்ஜும் சேர்ந்து பற்றறியைக் குடிச்சு முடிச்சிட்டுது. சியாமும், ஓட்டோக்காரர் நாலு பேரும் வந்து தள்ளிச்சினம். "அண்ணை, உள்ளுக்க இருக்கிறது பிரிட்ஜோ, பேயோ?" எண்டு ஒருத்தர் கேட்டார். நான் கண்ணாடியை ஏத்திப்போட்டு நேர பாத்துக்கொண்டு இருந்தன். இவர் வீட்ட வந்து, படுக்கைக்குக் கீழ வேற பற்றறி ஒண்டு பூட்டி, கூரையில சோலர் தகடும் போட்டார். பிறகு ஒரு சோலியும் இல்லை.

வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் மத்தியானமே மருந்தையும் ஃபைலையும் பிரிட்ஜுக்க வைச்சிட்டன். வைச்சிட்டுச் சும்மா இருந்தனே? குளிருதோ எண்டு திறந்து பாக்கிறது, ஃபைல் இருக்குதோ எண்டு திறந்து பாக்கிறது. ஒரு இருவது தரம் திறந்திருப்பன். காலமை ஊசி போட மருந்தை எடுக்கப் போனால், பிரிட்ஜுக்க முழுக்க வேர்த்துக் கிடக்கு. ஃபைலில இருந்து தண்ணி சொட்டுது. காணிப் பெமிற் நனைஞ்சு தொய்ஞ்சுபோய்க் கிடந்தது.

நான் குளறின குளறலுக்கு இவர் பல் தீட்டின பிரஷோட ஓடி வந்தார்.

ஒவ்வொரு கடதாசியாப் பிரிச்சு அறைக் கட்டிலில விரிச்சன். நல்ல காலம், எழுத்து அழியேல்லை. இவர் பட்டறைக்குப் போய் ஒரு பேணி நிறைய இரும்பு நட்டுகள் கொண்டுவந்து, கடதாசி பறக்காமல் மூலைக்கு மூலை வைச்சார்.

"இது காய நாளைக்காகும். பயணமும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்" எண்டு நிலத்தில குந்திட்டன்.

அவரும் பக்கத்தில இருந்தார். "உமக்குப் பிரிட்ஜில பயமில்லை பத்மா. வீட்டை விட்டு வெளிக்கிடத்தான் பயம்" எண்டார்.

எனக்கு அழுகை வந்திட்டுது. ஓம், பயம்தான். ரெண்டாயிரத்து எட்டில சண்டை நெருங்கேக்க இதே முத்தத்தில, இதே மாதிரி ஒரு பெட்டியிலதான் பாய், சட்டி, அரிசி எல்லாம் ஏத்தினனாங்கள். ரெண்டு நாளில வந்திடுவம் எண்டு சொல்லி, வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில செருகினனான். எட்டு இடம் மாறினம். எல்லாம் போச்சு, திறப்பும் ஃபைலும் மட்டும் என்னோட இருந்தது. மூண்டு வரியம் கழிச்சு வந்து பாத்தால், அந்தத் திறப்பைப் போடக் கதவு இல்லை. அதை நான் இவருக்குச் சொல்லத் தேவையில்லை. அவரும் அண்டைக்குப் பக்கத்திலதான் நிண்டவர்.

"அந்தப் பெட்டியும் நான் அடிச்சதுதான்" எண்டார். "தறப்பாளை மூடிக்கொண்டு உள்ளுக்க இருந்தனீர். வெளியில ஒண்டும் தெரியேல்லை எண்டு அழுதனீர். அதுதான் இதுக்கு ரெண்டு பக்கமும் யன்னல் வைச்சனான்."

இப்பிடி ஒரு கதை இந்த மனுசனுக்குள்ள கிடக்கெண்டு எனக்குத் தெரியாது. கொத்துரொட்டிக் கடை எண்டு பகிடி பண்ணினதை நினைக்க வெக்கமாப் போச்சு. எழும்பி முகத்தைக் கழுவினன். ஊசியைப் போட்டன்.

"வாங்கோ, வெளிக்கிடுவம்" எண்டன்.

"கடதாசி?"

"கிடந்து காயட்டும்."

அறையை அப்பிடியே விட்டிட்டு, வாசல் கதவைப் பூட்டினன். திறப்பை இடுப்பில செருகப் போன கை பாதியில நிண்டுது. ரஜிதாவைக் கூப்பிட்டன்.

"இந்தா திறப்பு, கோழிக்குத் தீன் போடு. அறைக் கட்டிலில கடதாசி காயுது, பின்னேரம் ஒருக்காப் பிரட்டி விடு."

"என்ன கடதாசியக்கா?"

"காணிப் பெமிற்."

"ஐயோ கடவுளே, பெமிற்றைத் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கிறியளோ?"

"உன்ர வாயை மூடு. அஞ்சு நாளில வந்திடுவம்."

சொன்னாப்பிறகுதான் நான் சொன்னது என்ர காதில விழுந்துது. அண்டைக்கும் இப்பிடித்தான் ரெண்டு நாள் எண்டு சொல்லிப் போனனான். ரஜிதாவுக்கு அது ஒண்டும் விளங்கேல்லை. திறப்பைச் சட்டைக்குள்ள போட்டுக்கொண்டு சொன்னாள், "வரேக்க மட்டக்களப்புத் தயிர் ரெண்டு சட்டி வாங்கிக்கொண்டு வாங்கோ. உங்களிட்டத்தான் இப்ப பிரிட்ஜ் இருக்கே. வாற ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டு விருந்துக்கு வேணும், சுணங்கிப் போடாதையுங்கோ."

வான் வெளிக்கிட்டு ஒழுங்கை முடக்கில திரும்பேக்க, அவள் எங்கட படலையில நிண்டு கை காட்டினாள். அப்பதான் எனக்குப் பிடிபட்டுது. சண்டைக்கு ஓடின அண்டைக்கு எங்களுக்குக் கை காட்ட ஒருத்தரும் படலையில நிக்கேல்லை. ஊரே எங்களோட சேர்ந்துதான் வெளிக்கிட்டது.

"பத்மா, ஃபைல் இல்லைத்தானே, இப்ப என்ர பாரை மீனுக்கு இடமிருக்கு" எண்டார் இவர்.

"ஒரு இடமும் இல்லை. அதில ரஜிதாவின்ர தயிர்ச் சட்டி வரும்" எண்டன்.